மூவாயிரம் பிரதி இசை

படத்தின் பின்னணி இசையை மட்டும், பாட்டு இல்லாமல், காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? எங்கள் வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள். ஆனால் ஹாலிவுட்டில் இதற்கென்றே ஒரு சந்தை பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. பி.காம் படிக்கிறவன் கண்ணுக்கு அது செம சுவாரஸ்யமான சந்தை.

முதலில் பெரிய வெற்றிகள். 1977ல் டிஸ்கோ காலத்தின் உச்சத்தில், ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து வாசித்த ஸ்டார் வார்ஸ் இசை இரட்டை இசைத்தட்டாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. 1982ல் வாங்கெலிஸின் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' அமெரிக்க ஆல்பப் பட்டியலில் முதலிடம். 1998ல் டைட்டானிக் 16 வாரம் முதலிடம், அமெரிக்காவில் மட்டும் 1 கோடிக்கு மேல் விற்பனை.

இதையெல்லாம் பார்த்து 'ஆகா, மக்கள் பின்னணி இசையை எப்படி ரசிக்கிறார்கள்' என்று முடிவு கட்டினால் தப்பு. டைட்டானிக் ஆல்பத்தை வாங்கியவர்களில் பெரும்பாலோர் செலின் டியோன் பாட்டுக்காக வாங்கியவர்கள் என்பது என் கட்சி. ஸ்டார் வார்ஸிலும் பாருங்கள், மீகோ என்பவர் அந்த இசையை டிஸ்கோவாக்கிப் போட்ட சிங்கிள்தான் முதலிடம் பிடித்தது. வில்லியம்ஸின் அசல் பத்தாவது இடத்தோடு நின்றுவிட்டது :-) ஒரு மெட்டு, இல்லாவிட்டால் ஒரு பாட்டு. கூட்டம் வாங்குவது அதைத்தான்.

முழு இசையும் வேண்டும் என்கிறவர்கள் சில ஆயிரம் பேர். அவர்களுக்கு விற்பதில்தான் சிக்கலே. காஸ்ட் அக்கவுண்டிங் பாஷையில், பதிவுச் செலவைப் படமே ஏற்றுவிட்டது, ஆல்பம் வெறும் உபபொருள், கொள்ளை லாபம் வரவேண்டும். வரவில்லை. அமெரிக்க இசைக்கலைஞர் சங்க விதிப்படி, படத்துக்கு வாசித்ததை ஆல்பமாக வெளியிட்டால் வாசித்தவர்களுக்கு மறுபடி பணம் தரவேண்டும். எண்பது, தொண்ணூறு பேர் வாசித்த இசை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் எண்பது, தொண்ணூறுகளில் வந்த பல சிடிக்கள் முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். சிலது வரவே இல்லை. 1988ல் வந்த 'டை ஹார்ட்' படத்தின் இசை 2002ல்தான் சிடி ஆனது, அதுவும் 3000 பிரதி மட்டும்.

சங்கத்தின் பேராசை என்று திட்டுகிற ரசிகர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. வயலின்காரர் கூலி வாங்கியது படத்துக்கு. ஆல்பம் வேறு சரக்கு, வேறு வருமானம். பங்கு கேட்பதில் என்ன தப்பு?

எனக்குக் கடுப்பு வேறு இடத்தில். 3000 பிரதி விற்றுத் தீர்ந்ததும் அதே சிடி ஈபேயில் பல மடங்கு விலைக்கு வரும். அந்த மிச்சப் பணத்தில் இசையமைப்பாளருக்கும் பைசா இல்லை, வாசித்தவருக்கும் இல்லை. எத்தனை பேருக்கு வேண்டும் என்று முன்பதிவில் கேட்டுவிட்டு அத்தனை அச்சடித்திருக்கலாமே! ஆனாலும் அவர்களைக் குறை மட்டும் சொல்லக்கூடாது. ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி என்ற சின்னப் பத்திரிகை 250 ஆல்பம் வெளியிட்டது. பெரிய கம்பெனிகள் அலமாரியில் போட்டுவைத்திருந்த இசை அது.

இப்போது ஸ்ட்ரீமிங். அச்சுச் செலவு இல்லாததால் ஒரு படத்தின் இரண்டு மணி நேர இசையையும் ஏற்றிவிடுகிறார்கள், நாமும் பரீட்சைக்குப் படிக்கும்போது போட்டுக்கொள்கிறோம். ஒரு முறை கேட்டால் கிடைப்பது சில்லறை. காசு மேடைக்குப் போய்விட்டது. ஹான்ஸ் ஸிம்மர் அரங்கம் அரங்கமாகச் சுற்றுவது சும்மா இல்லை.

நம்மூரில் இந்தச் சந்தை ரொம்ப காலம் பிறக்கவே இல்லை. கேசட்டில் பாட்டு மட்டும்தான். எண்பதுகளின் ராஜா பின்னணி இசையை ரசிகர்கள் டிவிடியில் வசனம் இல்லாத இடமாகப் பார்த்து வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். வாங்க ஆள் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன மார்க்கெட் சர்வே வேண்டும்? முன்பதிவு முறையில் யாராவது ஆரம்பித்தால் 500 ரூபாய் கட்ட நான் தயார். முதலில் 'மௌன ராகம்' வரட்டும்.