தேடவும் தெரிய வேண்டும்

சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் கேட்ட நூல் கண்ணில் படாவிட்டால் "இல்லை" என்று சொல்லித் திரும்பிவிடுகிறோம். வேறு தலைப்பில், வேறு தட்டில் அது இருக்கக்கூடும் என்று எண்ணுவதில்லை. கணிப்பொறியில் தேடும்போதும் நாம் செய்யும் பிழை இதுவே. மருத்துவர் ஒருவர் இப்பிழையைச் செய்தால் துன்பப்படுபவர் நோயாளி அன்றோ!

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய நோய் ஒன்று உண்டு. மதுரையில் பணிபுரிந்த ஜான் கில் என்ற மருத்துவர் 1842-இல் அதைப் பற்றி எழுதினார். 'மதுரா ஃபுட்', அதாவது மதுரைப் பாதம் என்று அது பெயர் பெற்றது. 1860-இல் எச்.வி.கார்ட்டர் அதற்கு 'மைசெட்டோமா' என்று பெயரிட்டார். வெறுங்காலுடன் வயலில் உழைப்போரின் காலில் முள் தைத்த இடத்தில் கிருமி புகுந்து, ஆண்டுக்கணக்கில் பாதத்தைச் சிதைக்கும் நோய் இது. பூஞ்சையாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2016-இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்நோயைப் பற்றி அறிய 'பப்மெட்' என்னும் தேடுதளம் உதவும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1996-இல் தொடங்கிய இதில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. கட்டணம் இல்லை.

இலக்கண வகுப்பில் விகுதியை நீக்கிப் பகுதியை எடுக்கிறோம். அதுபோல, இங்கும் சொல்லின் கடைசியை விட்டுவிட்டு நட்சத்திரக் குறி இடலாம். 'படி' என்று தொடங்கும் சொற்களைக் கேட்டால் படிப்பும் வரும், படிக்கட்டும் வரும். அவ்வாறே ஆங்கிலத்தில் 'மதுர்' என்னும் ஐந்து எழுத்துக்குப் பின் நட்சத்திரம் இட்டால், மதுரா ஃபுட் வரும். 'மதுரெல்லா' என்ற பூஞ்சையும் வரும். நோயோடு தொடர்பே இல்லாத மதுரைக் கல்லூரி முகவரிகளும் வந்து குவியும். ஆனால் 'ஆக்டினோமதுரா' என்ற பாக்டீரியா வராது. அதன் பெயரில் மதுரா பின்னால் அல்லவா நிற்கிறது!

மேலும், முழுச் சொல்லை இட்டால் ஒத்த பொருளுள்ள சொற்களையும் பப்மெட் தானே சேர்த்துத் தேடும். நட்சத்திரம் இட்டதும் அவ்வுதவி நின்றுவிடும். எனவே 'மதுரா ஃபுட் அல்லது மைசெட்டோமா' என்று 'அல்லது' சேர்த்து இரு பெயரையும் நாமே கேட்க வேண்டும். 'நீங்கலாக' என்ற கட்டளையிலோ இன்னும் கவனம் தேவை. பூஞ்சை நீங்கலாக என்று கேட்டால், பூஞ்சையையும் பாக்டீரியாவையும் ஒப்பிட்டு எழுதிய நல்ல கட்டுரையும் நீங்கிவிடும்.

ஆகவே, 'கிடைக்கவில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் விரும்பும் எங்களுக்கு, நூலகப் பாடவேளையில் தேடும் முறையையும் கற்பிக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அன்னையரும் பெற்றோரும் இதற்கு இசைவார்கள் என நம்புகிறோம்.

நல்லாயன் தம் ஆடுகளை எண்ணிப் பார்த்ததால் அன்றோ ஒன்று குறைவதை அறிந்தார்! அன்புத் தோழியரே, திரையில் வந்தவற்றோடு மனநிறைவு கொள்ளாமல், வராதது எது என்று கேட்கப் பழகுவோம்.