பழச்சாறும் எங்கள் சீனி வருத்தமும்



நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் வயது போனவர்களின் வருத்தம் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. இன்றோ முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே எமது பெண்கள் பலர் கிளினிக் கொப்பியுடன் வரிசையில் நிற்கின்றனர். இடம்பெயர்வு, முகாம் வாழ்க்கை, உறவுகளை இழந்த துயரம், தனியாளாகக் குடும்பத்தைச் சுமக்கும் பொறுப்பு என்பன மனதை மட்டுமல்ல, உடலையும் வருத்துகின்றன. நித்திரை குறைகிறது. சமைத்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, சீனி போட்ட தேநீரோடும் ஒரு துண்டுப் பாணோடும் எமது சாப்பாட்டை முடித்துக்கொள்கிறோம். இது பல வருடங்கள் தொடரும்போது வருத்தம் வந்து சேர்வதில் வியப்பில்லை.

கிராமங்களில் நடக்கும் மாதர் சங்கக் கூட்டங்களில் இது பற்றிக் கதைக்கும்போது மூன்று கேள்விகள் தவறாமல் வரும். "பிள்ளை, பாவற்காய்ச் சாறு குடிச்சால் குளிசையை விடலாமோ?" "பீற்றூட் குடிச்சால் பிறசர் இறங்குமாம், உண்மையோ?" "பழச்சாறு உடம்புக்கு நல்லதுதானே, சீனி உள்ள ஆக்கள் ஏன் குடிக்கக் கூடாது?" இம்மூன்றுக்கும் இம்மாதம் பதில் தேடுவோம்.

பழம் வேறு, சாறு வேறு

ஒரு தோடம்பழத்தைச் சுளை சுளையாகச் சாப்பிட்டால் வயிறு நிறைகிறது. ஆனால் ஒரு கிளாஸ் சாறு எடுப்பதற்கு மூன்று, நான்கு பழங்கள் தேவை. நான்கு பழத்தை ஒரேயடியாகச் சாப்பிட எங்களால் முடியாது. அவற்றின் சாற்றை ஒரு நிமிடத்தில் குடித்துவிடலாம். பிழிந்து வடிக்கும்போது நார் முழுவதும் சக்கையோடு போய்விடுகிறது. நார்தான் சீனி இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைப்பது. கெட்ட கொழுப்பைக் குறைக்கவும் அது உதவுகிறது. எனவே நாரில்லாத சாறு இரத்தத்தில் சீனியைச் சடுதியாக ஏற்றிவிடுகிறது.

சீனி சேர்க்காத 200 மில்லிலீற்றர் தோடம்பழச் சாற்றிலேயே ஏறக்குறைய நான்கு தேக்கரண்டி சீனி உண்டு. அது பழத்தின் சொந்தச் சீனிதான். ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், தேனையும் பழச்சாற்றையும் சேர்த்த சீனியோடு ஒன்றாகவே கணக்கிட்டது. ஒரு நாளைக்கு இவை எல்லாம் சேர்ந்து 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி அளவுக்குள் இருப்பது நல்லது என்பது அதன் ஆலோசனை. இது சுகதேகிகளுக்கும் பொருந்தும் அளவு.

அமெரிக்காவில் தாதியர் உட்பட சுமார் 1,87,000 சுகாதாரப் பணியாளர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. முழுப்பழத்தை, விசேடமாகத் திராட்சை, அப்பிள் போன்றவற்றை, அடிக்கடி சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு வருவது குறைவாகவும், பழச்சாறு அடிக்கடி குடித்தவர்களுக்கு அதிகமாகவும் காணப்பட்டது. எங்களுக்கு அப்பிள் தேவையில்லை. வேலியோரத்துக் கொய்யாவே போதும். நாரும் விற்றமின் 'சி'யும் நிறைந்த பழம் அது. அதிகம் கனியாத செங்காயாக ஒன்றைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

பெட்டியிலும் போத்தலிலும் வருபவை

எமது நாட்டில் 2016 ஓகஸ்ற் முதல் குளிர்பானங்களில் நிறக் குறியீடு இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. செம்மஞ்சள் என்றதும் பயமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 9 கிராம் என்று போட்டிருக்கும் 200 மில்லிலீற்றர் பெட்டியில் 18 கிராம் சீனி இருக்கிறது; நான்கு தேக்கரண்டிக்கும் அதிகம். வருத்தம் பார்க்கப் போகும்போது இதைத்தானே வாங்கிக்கொண்டு போகிறோம்? இனி ஒரு சீப்பு வாழைப்பழமோ நாலு கொய்யாவோ கொண்டுபோகலாம்.

பனங்கட்டி, கித்துள் பாணி, தேன் என்பவை சீனி வருத்தத்துக்குத் தீங்கில்லை என்பதும் தவறான நம்பிக்கை. அவையும் சீனியே. கருப்பணியும் அப்படித்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை

சாறு அறவே கூடாதென்பதில்லை. மரக்கறியை முதன்மையாக்கி, வடிக்காமல், சீனி சேர்க்காமல், ஒரு நாளைக்கு ஒரு சிறிய கோப்பை (150 மில்லிலீற்றர்) என்ற அளவோடு குடிக்கலாம். கிறைண்டர் இல்லாத வீட்டில் துருவியும் அம்மியும் போதும். கொதித்தாறிய நீரையே பாவியுங்கள்.

வெள்ளரி மோர்: ஒரு சிறிய வெள்ளரிக்காயைத் துருவி, அரைக் கோப்பை சீனி சேர்க்காத தயிர், ஒரு கோப்பை நீர், சிறு துண்டு இஞ்சி, நாலு கறிவேப்பிலை சேர்த்துக் கலக்குங்கள். இருவருக்குப் போதும். உப்பு வேண்டாம், தேசிப்புளி நாலு சொட்டு விட்டால் உப்பின் குறை தெரியாது.

தக்காளி கரட் பானம்: பழுத்த தக்காளி இரண்டு, அரைக் கரட், ஒரு சிட்டிகை மிளகுதூள். அரைத்து, வடிக்காமல் குடிக்கவும்.

நெல்லி நீர்: இரண்டு நெல்லிக்காயை இடித்து, ஒரு கோப்பை நீரில் கலக்கவும். போத்தலில் விற்கும் நெல்லிப் பானத்தில் சீனிப்பாகே அதிகம். இதையும் அதையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

வல்லாரைக் கஞ்சி: ஒரு பிடி சிவப்புப் பச்சையரிசியை உள்ளி சேர்த்து அவியவிட்டு, அரைத்த வல்லாரையை இறக்கும் நேரத்தில் சேர்க்கவும். முதற்பாலைத் தவிர்த்து, கப்பிப்பால் சிறிதளவு விடலாம். பனங்கட்டி கடிக்காமல் குடிக்க வேண்டும். இது அரிசிக் கஞ்சி என்பதால் அன்று காலைப் பிட்டின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பீற்றூட் பற்றிய பேச்சில் உண்மை உண்டு. அதிலுள்ள நைத்திரேற்று உடலில் மாற்றமடைந்து இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்கிறது. இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரங்கள் தினமும் 250 மில்லிலீற்றர் பீற்றூட் சாறு குடித்த உயர் இரத்த அழுத்த நோயாளருக்கு அழுத்தம் ஓரளவு இறங்கியது. ஆயினும் குடிப்பதை நிறுத்தியபின் அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. பீற்றூட்டில் சீனியும் உண்டு. ஆகவே கறியாகவோ சம்பலாகவோ சாப்பிடுவதே சிறந்தது. சிறுநீர் சிவந்தால் பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

குளிசைக்குப் பதிலாக அல்ல

பாவற்காய் நல்ல மரக்கறி. ஆனால் அது நீரிழிவைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பீடு 2012இல் கூறியது. குளிசையோடு சேர்த்து அதிகமாகக் குடித்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கவும் கூடும்.

யுத்தத்தில் ஒரு காலை இழந்த சகோதரி ஒருவரை எமக்குத் தெரியும். வீடு வீடாக மூலிகைச் சாறு விற்க வந்தவரின் சொல்லை நம்பி, இரண்டு மாதம் குளிசையை நிறுத்தியிருந்தார். மிஞ்சியிருந்த காலின் விரலிடுக்கில் ஒரு சிறு காயம். சீனி கூடியவர்களுக்குக் காலில் உணர்வு குறைவதால் நோ தெரிவதில்லை, அவருக்கும் தெரியவில்லை. மகள் கண்டு வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றபோது சீனி 300ஐத் தாண்டியிருந்தது. மூன்று வாரம் தங்கிச் சிகிச்சை பெற்றார். கால் தப்பியது. "குளிசை இலவசம், சாறுக்குத்தான் காசு குடுத்தனான்" என்று அவரே பின்னர் கூட்டத்தில் சொன்னார். எந்தச் சாறு குடித்தாலும் வைத்தியரைக் கேளாமல் ஒரு குளிசையையும் நிறுத்தாதீர்கள். இரவில் படுக்குமுன் பாதங்களைப் பாருங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள்: இளநீர், தோடம்பழம், தக்காளி, கீரைச் சாறுகளில் பொட்டாசியம் அதிகம். பழுதடைந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இதயத் துடிப்பே குழம்பலாம். லோசாட்டன், எனலாப்பிரில், ஸ்பைரோனோலக்ரோன் குளிசை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வவுனியா போன்ற பகுதிகளில் சிறுநீரக நோய் அதிகம் என்பதால் இது எமக்கு முக்கியமானது.

காமரங்காய்: சீனிக்கு நல்லதென்று இதன் சாற்றைக் குடிப்பவர்கள் உள்ளனர். இதனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நோயாளர் பற்றி இலங்கை வைத்தியர்களே 2015இல் மருத்துவச் சஞ்சிகையில் எழுதியுள்ளனர். வெறுவயிற்றில் சாறாகக் குடிப்பது ஆபத்து. சிறுநீரக நோயாளர் தொடவே கூடாது.

வார்பரின் எடுப்பவர்கள்: இதய வால்வு சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு இது கொடுக்கப்படுகிறது. கீரைகளிலுள்ள விற்றமின் 'கே' இதன் வேலையைக் குறைக்கும். திடீரெனக் கீரைச் சாறு தொடங்கவும் வேண்டாம், வழமையாகச் சாப்பிடும் கீரையைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

சாறு மருந்தாகும் வேளை

இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் கூலி வேலைக்குப் போகும் சகோதரிகள் இதை அவசியம் தெரிந்திருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, தடுமாற்றம் ஏற்பட்டால் சீனி 70க்குக் கீழ் இறங்கியிருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்தோ, அரைக் கோப்பை இனிப்பான பழச்சாறோ குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை. தெளிந்ததும் சாப்பாடு. மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். வயலுக்கோ வீடமைப்பு வேலைக்கோ போகும்போது சேலைத் தலைப்பிலோ பையிலோ ஒரு சிறு பொட்டலம் சீனி முடிந்துகொண்டு போங்கள். கூட வேலை செய்பவரிடமும் சொல்லி வையுங்கள்.

சகோதரிகளே, 35 வயது நிறைந்தவர்கள் உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். சீனி, இரத்த அழுத்தம் இரண்டையும் அங்கு இலவசமாகப் பார்க்கலாம். "எனக்கென்ன, பிள்ளைகள் நல்லா இருந்தால் போதும்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். தனியாகப் போகத் தயக்கமென்றால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரும் பார்த்திருக்க மாட்டார்.