தொங்கும் காது, தட்டை முகம், கையளவு உடம்பு... 'க்யூட்' முயலுக்கு உள்ளே என்ன பிரச்சனை? வாங்கும் முன் தெரிஞ்சுக்கோங்க!

தருமபுரி: ரீல்ஸில் வரும் முயல்களைப் பார்த்திருப்பீங்க. காது இரண்டும் தொங்கும், முகம் பொம்மை மாதிரி தட்டையாக இருக்கும், உடம்பு உள்ளங்கையில் அடங்கும். குழந்தைகள் அடம்பிடிக்க, பெற்றோரும் வாங்கித் தருகிறார்கள். ஆனால் அந்த அழகே சில முயல்களுக்கு ஆயுள் முழுக்கத் தொல்லை.

அழகுக்காகக் கலப்பது எப்படி?

தருமபுரிக்காரர்களுக்கு ஆலம்பாடி மாடு தெரியும். உழவுக்கும் வண்டிக்கும் எது தாங்கும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்த இனம் அது. கறிக்காக வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா முயல்களிலும் எடை, குட்டிகளின் எண்ணிக்கை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். ஹாலந்து லாப், நெதர்லாந்து டுவார்ஃப் போன்ற செல்ல முயல்களில் முதலில் பார்ப்பது தோற்றத்தைத்தான்.

காதில் என்ன சிக்கல்?

தொங்கும் காதில் துளை மடங்கிக் குறுகிவிடும். மெழுகு தேங்கும், சீழ் பிடிக்கும். நோய் உள்காது வரை போனால் தலை ஒருபக்கம் சாய்ந்துவிடும். 2019-ல் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 15 தொங்குகாது முயல்களையும் 15 நிமிர்காது முயல்களையும் ஒப்பிட்டார்கள். காதுத் துளை குறுகுவது, மெழுகு சேர்வது, தொட்டால் வலிப்பது எல்லாமே தொங்குகாது முயல்களில்தான் அதிகம். பல் கோளாறும் அவற்றில் அதிகமாக இருந்தது.

பல்லுக்கும் அழகுதான் காரணமா?

இங்கேதான் ட்விஸ்ட். முயலின் பல் சாகும்வரை வளரும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மி.மீ. புல்லை மெல்லும்போது உரசித்தான் தேயும். தேயாவிட்டால் நாக்கையும் கன்னத்தையும் குத்தும், முயல் சாப்பிடவே முடியாது. தட்டை முகம்தான் இதற்குக் காரணம் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் 1.6 லட்சத்துக்கும் அதிகமான முயல்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து அதே கல்லூரி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், தட்டை முகத்துக்கோ தொங்கும் காதுக்கோ பல் நோய் கூடுதலாக இருப்பதாகத் தெரியவில்லை. ஆக, எந்த முயலாக இருந்தாலும் பல் பாதிக்கலாம். பிஸ்கட்டும் கேரட்டும் கொடுத்து வளர்த்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

குட்டி சைஸுக்குப் பின்னால்...

உடம்பைச் சிறிதாக்கும் மரபணு மாற்றம் ஒரு பக்கப் பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் முயல் குள்ளமாக இருக்கும். இரு பக்கமிருந்தும் வந்தால் குட்டி சில நாட்களில் இறந்துவிடும். இந்த மாற்றம் உள்ள இரண்டு குள்ள முயல்களைச் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு இதே கதி. இங்கிலிஷ் ஸ்பாட் இனத்தின் புள்ளி அழகிலும் இதே கணக்குதான்: புள்ளி மரபணு இரட்டையாக வந்தால் பெருங்குடல் வீங்கிச் செயல் குறையும்.

தருமபுரி வெயில் தாங்குமா?

முயலுக்கு வியர்க்காது. காது வழியாகத்தான் உடல் சூட்டைப் பெரிதும் வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே திணறும். சித்திரை வெயிலில் அடர்ந்த முடியுள்ள அங்கோரா வகைகளை இங்கே வளர்ப்பது ரிஸ்க்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

* 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் முயலும் அடங்கும். கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ததா என்று கேளுங்கள்.
* இரண்டு குள்ள முயல்களை ஜோடி சேர்க்காதீர்கள்.
* தீவனத்தில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். அருகம்புல் நம்ம ஊரில் தாராளமாகக் கிடைக்கும்.
* எச்சில் வழிவது, காதைச் சொறிவது, தலை சாய்வது, புழுக்கை சிறுத்துப்போவது எல்லாம் எச்சரிக்கை மணி. அரை நாள் சாப்பிடாவிட்டாலே கால்நடை மருத்துவரிடம் தூக்கிட்டுப் போங்க.
* வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கவே கூடாது. வாய்வழி அமாக்சிசிலின் முயலின் குடலைக் கெடுத்து உயிரையே பறிக்கும்.

வலித்தாலும் முயல் கத்தாது, மூலையில் ஒடுங்கிவிடும். 'சமத்தா உட்கார்ந்திருக்கே' என்று விட்டுவிடாமல், அது சாப்பிட்டதா என்று தினமும் பார்ப்பதுதான் முக்கியம்.