ரேம் போதவில்லையா, கணக்கு போதவில்லையா?

'மெமரி எரர்' என்று திரையில் ஒரு வரி வந்துவிட்டால் நம் லேபில் எழும் முதல் குரல் என்ன? "இந்த 4 ஜிபி சிஸ்டம் வேலைக்கு ஆகாதுப்பா!" அதோடு சரி. நல்ல லேப்டாப் வைத்திருப்பவன் புராஜெக்டைத் தொடர்வான். ஃபீஸ் கட்டவே நகையை அடகு வைத்த வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்க வந்தவன் தலைப்பை மாற்றிக்கொள்வான். இது அநியாயம் என்பேன். பல நேரம் குறை மெஷினிடம் இல்லை.

ஒரு லேத் பேரிங்கின் அதிர்வை மூன்று அச்சுகளில், செகண்டுக்கு 10,000 முறை, ஒரு மணி நேரம் அளக்கிறோம் என்று வையுங்கள். 10 கோடியே 80 லட்சம் எண்கள். 12 பிட் கன்வர்ட்டர் தருவதோ 0 முதல் 4095 வரைதான். 2 பைட் போதும். ஆனால் பைத்தானில் பாண்டாஸ் கொண்டு ஃபைலைத் திறந்தால், நாம் வாய் திறந்து சொல்லாதவரை எண்ணுக்கு 8 பைட் ஒதுக்கிவிடும். 216 எம்பியில் அடங்க வேண்டியது 864 எம்பி! ஆழாக்கு அரிசிக்கு அண்டா ஏற்றுகிற கதை. சராசரியைக் கழித்தால் இன்னொரு 864, வர்க்கம் எடுத்தால் மற்றொன்று... விண்டோஸும் பிரௌசரும் வேறு பங்கு கேட்கும். பாண்டாஸை உருவாக்கிய வெஸ் மெக்கின்னியே, டேட்டாவைப் போல 5 முதல் 10 மடங்கு ரேம் வேண்டும் என்பதைத் தம் கைக்கணக்காக 2017-இல் எழுதினார்.

சரி, முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்றச் சொன்னது யார்? சராசரி நீக்கிய ஆர்.எம்.எஸ். காண, ஒவ்வோர் அச்சுக்கும் எண்களின் கூட்டல், வர்க்கங்களின் கூட்டல், எண்ணிக்கை மூன்றும் போதும். ஒரு நிமிட டேட்டா 18 லட்சம் எண்கள். 8 பைட்டிலேயே வைத்தாலும் 14.4 எம்பிதான். படி, கூட்டு, விடு, 60 தடவை. 'சங்க்சைஸ்' என்று ஓர் ஆப்ஷன் கொடுத்தால் பாண்டாஸே துண்டு துண்டாகத் தரும். (மீடியன் இப்படிச் சேராது. 0 முதல் 4095 வரை எந்த எண் எத்தனை தடவை வந்தது என்று எண்ணி வையுங்கள், அதுவும் கிடைத்துவிடும்.)

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை! குறியுடைய 2 பைட் முழு எண் 32,767-க்கு மேல் போகாது. 200-இன் வர்க்கமே 40,000. எரர் எதுவும் காட்டாமல் தப்பு விடை வரும். ஆகவே சேமிப்பது 2 பைட்டில், வர்க்கம் போடும்போது அந்தத் துண்டை மட்டும் 8 பைட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

புது சிஸ்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யூனியன் கேட்கட்டும், முதல் கையெழுத்து என்னுடையது. அது வரும்வரை, தலைப்பை மாற்றச் சொல்லும் முன் இந்த பைட் கணக்கை ஒரு பேப்பரில் போட்டுக் காட்ட கைடுகள் நமக்கு அரை மணி நேரம் தரட்டும்.