ஊழியப் பயணத்தின் கணக்கை எழுத வேண்டியவர் யார்?

குறுகிய கால ஊழியப் பயணம் முடித்துத் திரும்புவோர் திருச்சபையில் சொல்லும் சாட்சிக்கு ஏறத்தாழ ஒரே வடிவம்தான் உண்டு. கொடுக்கப் போனோம், பெற்றுக்கொண்டு வந்தோம். அவர்களிடம் ஒன்றுமில்லை, ஆயினும் அவர்கள் முகத்தில் எவ்வளவு மகிழ்ச்சி. எங்கள் விசுவாசம் ஆழப்பட்டது, எங்கள் வாழ்வு மாறிற்று. அமெரிக்கச் சபை ஒன்றிலிருந்து இந்தியாவுக்கு வந்து சென்றவரும் இதையே சொல்கிறார்; சென்னையிலிருந்து நேபாளத்துக்கோ ஆப்பிரிக்க நாடொன்றுக்கோ போய்வந்தவரும் இதையே சொல்கிறார். இச்சாட்சி பொய் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒருவர் மட்டுமே பேசுகிறார் என்பதுதான் குறை. போன ஊரும் அங்குள்ள மக்களும் அவருடைய ஆன்மிக வளர்ச்சிக்கு உரிய மூலப்பொருளாக நின்றுவிடுகிறார்கள்.

கருத்தரங்க அறையில் நிலைமை இதற்கு நேர் எதிரானது போலத் தோன்றும். அங்கே மிஷனெரி என்ற சொல் வந்தவுடன் காலனியம் என்ற சொல் பின்தொடர்கிறது. அத்துடன் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஆனால் சபையின் சாட்சியும் கருத்தரங்கின் கண்டனமும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இரண்டிலும் பயணியே எழுவாய். ஒன்றில் அவர் புனிதர், மற்றதில் அவர் குற்றவாளி. அவரை எதிர்கொண்ட மனிதர் இரண்டிலும் செயப்படுபொருள்தான். ஒரு மிஷன் பயணத்தின் ஆன்மிக விளைவு என்பது பயணியின் நெஞ்சில் எழுந்த உணர்ச்சியன்று. போன இடத்து மனிதரிடம் அவர் எதைக் கற்றார், அவர்களுக்காக எந்த அதிகாரத்தை விட்டுக்கொடுத்தார், அதனால் அவர்கள் வாழ்வில் எது மாறியது என்பதே அதன் அளவு. இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்கத் தில்லியைவிடப் பொருத்தமான நகரம் அரிது.

சார்லஸ் ஃபிரீயர் ஆண்ட்ரூஸ் 1904 மார்ச் 20 அன்று இந்திய மண்ணில் கால்வைத்துத் தில்லிக்கு வந்தார். கேம்பிரிட்ஜ் மிஷனைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் குரு, வயது முப்பத்துமூன்று. அம்மிஷன் 1881இல் தொடங்கிய புனித ஸ்தேவான் கல்லூரியில், அதாவது இன்று செயின்ட் ஸ்டீபன்ஸ் என்று அறியப்படும் கல்லூரியில், கற்பிக்க வந்தவர். பிற்காலத்தில் அவர் மார்ச் 20ஆம் நாளைத் தம் இந்தியப் பிறந்தநாளாகக் கருதினார். இதுவரையில் கதை வழக்கமான சாட்சியின் கதைதான். கடல் கடந்தார், மறுபடி பிறந்தார். அந்த மறுபிறப்புக்கு அவர் செலுத்திய விலையில்தான் வேறுபாடு இருக்கிறது.

1906இல் கல்லூரியின் முதல்வர் பதவி காலியாயிற்று. சுசீல் குமார் ருத்ரா என்னும் வங்காளக் கிறிஸ்தவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அங்கே ஆசிரியர். ஆயினும் மிஷன் கல்லூரிக்கு ஆங்கிலேயரே முதல்வராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதிகார வட்டத்தில் வலுவாக இருந்தது. வந்து இரண்டே ஆண்டுகளான ஆண்ட்ரூஸின் பெயர் முன்மொழியப்பட்டது. அவர் மறுத்தார், பணியாலும் தகுதியாலும் அது ருத்ராவுக்கே உரியது என்று விடாமல் வாதிட்டார். ருத்ரா முதல்வரானார்; 1923 வரை அப்பதவியில் இருந்தார். இந்தியர் ஒருவரின் தலைமைக்குக் கீழே ஆங்கிலேயர் பணிபுரிவது அன்று சாதாரணச் செய்தியன்று. பின்னாளில் காந்தி தில்லியில் தங்கியது ருத்ராவின் இல்லத்தில்தான். ஒத்துழையாமை இயக்கத்தின் திட்டம் அந்தக் கூரையின் கீழ் உருப்பெற்றதைக் காந்தியே 1925இல் ருத்ரா மறைந்தபோது நினைவுகூர்ந்து எழுதினார். ஆண்ட்ரூஸ் தம் உள்ளம் உருகியதைப் பற்றிப் பேசிவிட்டு நாற்காலியில் அமர்ந்திருந்தால் அந்த வீடு முதல்வரின் வீடாக இருந்திராது.

இரண்டாவது சான்று பழைய தில்லியிலிருந்து வருகிறது. முன்ஷி ஸக்காவுல்லா 1857க்கு முந்தைய தில்லிக் கல்லூரியில் பயின்றவர், கணிதமும் வரலாறும் உருதுவில் பெருகக் காரணமானவர்களுள் ஒருவர், பக்தியுள்ள முஸ்லிம். 1910இல் மறைந்த அம்முதியவரை ஆண்ட்ரூஸ் சந்தித்துப் பழகினார். அவருடைய தலைமுறையைச் சேர்ந்த நசீர் அகமது போன்றோரிடமும் கேட்டறிந்தார். பின்னர் ஸக்காவுல்லாவைப் பற்றித் தனி நூலே எழுதி 1929இல் வெளியிட்டார். கலகத்துக்கு முந்தைய தில்லியின் அறிவுச் சூழலை ஆராய்வோர் இன்றும் அந்நூலை நாடுகிறார்கள். மதம் மாற்ற அனுப்பப்பட்ட ஒருவர், மதம் மாறாத ஒரு முதியவரின் வாழ்வைப் பதிவுசெய்யத் தம் எழுத்தை ஒப்படைத்தார். சாட்சி என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு: தன்னைப் பற்றிச் சொல்வதை நிறுத்தி, கண்ட மனிதரைப் பற்றிச் சொல்லுதல்.

மூன்றாவது சான்று கடலுக்கு அப்பால். 1914 ஜனவரியில், கோகலேயின் தூண்டுதலால், வில்லியம் பியர்சனுடன் ஆண்ட்ரூஸ் தென்னாப்பிரிக்கா சென்றார். டர்பன் துறைமுகத்தில் காந்தியைக் கண்டதும் குனிந்து அவர் பாதம் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர்கள் அதை அருவருப்புடன் கண்டித்தார்கள். அவ்வாண்டே அவர் தில்லி மிஷனை விட்டு விலகினார். குருப்பணியையும் துறந்து சாந்திநிகேதன் சேர்ந்தார். அடுத்த ஆண்டு நோயுற்றுத் தேறிவந்த நாட்களில், நேட்டாலில் தாம் கண்ட ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் அச்சம் நிறைந்த முகம் தம் மனக்கண் முன் தோன்றிக் கிறிஸ்துவின் முகமாக மாறியதாக அவர் எழுதியிருக்கிறார். அவர் வாழ்வின் ஆழ்ந்த ஆன்மிக அனுபவங்களில் இதுவும் ஒன்று. இக்காலச் சாட்சி இத்துடன் முடிந்து கைதட்டல் பெற்றிருக்கும். அவரோ 1915இன் பிற்பகுதியில் பியர்சனுடன் ஃபிஜிக்குக் கப்பலேறினார்.

ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. தமிழரும் தெலுங்கரும் அந்தக் கரும்புத் தோட்டங்களில் அடைபட்டார்கள். தீவின் பெண்களுக்காகப் பாரதி கண்ணீர் வடித்ததைத் தமிழ் படித்த எவரும் அறிவர். ஆண்ட்ரூஸும் பியர்சனும் தோட்டக் குடியிருப்புகளைப் பார்த்து 1916இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவ்வாண்டு மார்ச் மாதம் மதன் மோகன் மாளவியா இம்பீரியல் சட்டமன்றத்தில் ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார். வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அதனை ஏற்றார். 1917இல் ஆள்சேர்ப்பு நின்றது. ஆண்ட்ரூஸ் மறுபடியும் ஃபிஜி சென்றார். 1920 ஜனவரி 1 அன்று எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் ரத்தாயின. ஓர் ஆன்மிக அனுபவம் சட்டமாக மாறும்போதுதான் அதன் எடை தெரிகிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். வெள்ளைக்காரர் ஒருவரை மீட்பராக்கும் கதை இதுவும் இல்லையா? மறுப்பில் வலு உண்டு. ஃபிஜியில் இருபத்தொரு ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய தோத்தாராம் சனாத்தியாவின் இந்தி நூல், ஆண்ட்ரூஸ் கப்பலேறுமுன்பே வந்து வடஇந்தியாவை உலுக்கியது. மேற்பார்வையாளனின் வன்முறைக்குத் தப்பி ஆற்றில் குதித்த குந்தி என்ற தொழிலாளிப் பெண்ணின் முறையீடு அதற்கும் முன்னரே இந்திய இதழ்களில் அச்சாகிக் கொதிப்பை எழுப்பியது. ஆண்ட்ரூஸின் அறிக்கையோ தோட்டப் பெண்களைப் பற்றிப் பேசுமிடங்களில் அவர்களுடைய உழைப்பையும் எதிர்ப்பையும்விட அவர்களுடைய ‘ஒழுக்கச் சிதைவை’ முன்னிறுத்தியது. விக்டோரியக் காலத்து மதகுருவின் கண் அதில் மறையவில்லை. அவர் தோலின் நிறம் அவருக்குத் திறந்துவிட்ட கதவுகள் தோத்தாராமுக்குத் திறக்கவில்லை. இவ்வளவும் உண்மை. ஆனால் இவ்வுண்மைகள் எல்லாம் எப்படித் தெரியவந்தன? பயணியின் உணர்ச்சியை ஒதுக்கிவைத்து, எதிரே நின்றவர்களின் ஏட்டைத் திறந்தபோது தெரியவந்தன. ஆண்ட்ரூஸைப் பாராட்டுவதற்கும் கண்டிப்பதற்கும் ஒரே ஏடுதான் வேண்டியிருக்கிறது. மறுப்பு அளவுகோலை உடைக்கவில்லை. அதைப் பயன்படுத்தியே எழுகிறது.

இந்த அளவுகோல் வெள்ளையருக்கு மட்டும் உரியதன்று. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஒய்எம்சிஏ செயலராக 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ஊழியரைத் தமிழகத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டார். பெரிய மிஷன்களால் வளர்க்கப்பட்ட திருநெல்வேலிச் சபை அப்படி எதையும் செய்யவில்லை என்பது அவரை வாட்டியது. திரும்பியதும் 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பணமும் ஆட்களும் நிர்வாகமும் இந்தியருடையவை. நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் அதன் முதற்களம். தமிழரான அசரியா தெலுங்கு கற்று அங்கேயே வாழ்ந்து 1945இல் அங்கேயே மறைந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானதும் அம்மக்களுக்காகவே.

அதே அசரியாதான் 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் எழுந்து பேசினார். ஏறத்தாழ 1200 பேராளர்கள். ஆசியத் திருச்சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. மேலைநாட்டார் பொருளைத் தந்தார்கள், உயிரையும் தந்தார்கள், நட்பைத் தரவில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். அவையில் பலர் முகம் சுளித்தார்கள். நூறாண்டுக்கும் மேல் கழிந்தும் அக்குற்றச்சாட்டுக்கு ஊழியப் பயணங்கள் பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் தங்கி, சுவருக்கு வர்ணம் பூசி, குழந்தைகளுடன் படம் எடுத்துத் திரும்புவதை நட்பு என்று சொல்ல முடியாது. நட்புக்கு மொழி வேண்டும், காலம் வேண்டும், தன்னைக் கேள்விகேட்கும் உரிமையை மற்றவருக்குக் கொடுக்கும் துணிவு வேண்டும்.

‘வாழ்வு மாறிற்று’ என்ற வாக்குமூலம்கூட ஆய்வில் நிற்பதில்லை. 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸை அழித்தபின் அங்கு வீடு கட்டச் சென்ற வட அமெரிக்கக் குழுக்களைக் கிறிஸ்தவச் சமூகவியலாளரான கர்ட் வெர் பீக் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார். சென்றுவந்தோரின் ஜெபத்திலும் கொடையிலும் நிலைத்த மாற்றம் மிகச் சொற்பம். வீடு பெற்றவர்களுக்கும், வெளிநாட்டார் கட்டினாலும் உள்ளூரார் கட்டினாலும், பெரிய வேறுபாடில்லை. இதன் கொடிய எல்லையை 2018 நவம்பரில் அந்தமான் காட்டியது. ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் சட்டம் தடைசெய்த வட சென்டினல் தீவுக்குள் நுழைந்து கொல்லப்பட்டார். அவருடைய நாட்குறிப்பு உலகெங்கும் வாசிக்கப்பட்டது. அவரைப் படகில் கொண்டுசேர்த்துக் கைதான மீனவர்களின் பெயரை நினைவில் வைத்திருப்போர் எத்தனை பேர்? சென்டினல் மக்கள் வேண்டாம் என்று சொன்னார்கள், அம்பெய்து சொன்னார்கள். பயணியின் அழைப்புணர்வுக்கு முன் அந்த மறுப்பு ஒரு மறுப்பாகவே மதிக்கப்படவில்லை.

ஆகவே, ஊழியப் பயணம் சென்று திரும்புவோரைச் சபைகள் மேடையேற்றுமுன், போன ஊரிலிருந்து ஒருவரின் சொல்லை முதலில் வாசிக்கட்டும். அது புகழுரையாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் பதவி, எந்தப் பணம், எந்த முடிவெடுக்கும் உரிமை அவர்கள் கைக்கு வந்தது என்று சொன்னால் போதும். தமிழகத்திலிருந்து வடமாநிலங்களுக்கு ஊழியரை அனுப்பும் சங்கங்களுக்கும் இது பொருந்தும். தமிழர் என்பதாலேயே அதிகாரம் அதிகாரமல்லாமல் போய்விடாது.

பல்கலைக்கழகங்களுக்கும் பாக்கி உண்டு. மிஷன் ஆவணக் காப்பகங்களில் பயணிகளின் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருப்பதால் ஆய்வேடுகளும் பயணிகளைப் பற்றியே குவிகின்றன. ஆண்ட்ரூஸுக்கு வாழ்க்கை வரலாறுகள் பல. ருத்ராவைப் பற்றி எழுதப்பட்டது சொற்பம். முதல்வர் பதவியை விட்டுக்கொடுத்தவரின் பெயர் பாடநூலில் நிற்கிறது. அதைப் பதினேழு ஆண்டுகள் வகித்தவரின் பெயர் அவர் கல்லூரிக்கு வெளியே அரிதாகவே கேட்கிறது. தில்லியில் மிஷன் வரலாற்றை ஆராயும் அடுத்த மாணவர் தம் தலைப்பை முடிவுசெய்யுமுன் இந்த ஏற்றத்தாழ்வை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.