கொழும்பில் கேட்டதும் அதே கேள்விதான்

கல்யாணம் முடிந்த கையோடு கொழும்புக்குப் போகிறோம் என்றதும் தோழர் ஒருவர் சிரித்தார். "நமக்கெல்லாம் தேனிலவு ஒரு கேடா?" இன்னொருவர் நிறையப் படித்தவர். அவர் சொன்னது வேறு: "போயிட்டு வாங்க. கடல் தாண்டிட்டா சாதி தானா கழன்டுரும். அங்க உங்கள எவன் கேக்கப் போறான்?"

முதல் ஆளுக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். களையெடுக்க, கோர்ட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்றில்லாமல் ஒரு ஊரில் சும்மா நடக்க எங்கம்மாவுக்கு ஒரு நாள்கூட வாய்த்ததில்லை. எனக்கு வாய்த்தது, போனேன். இதற்கு இயக்கத்தில் அனுமதி வாங்க வேண்டுமா? இரண்டாவது ஆளுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவர் மாதிரி பேசுகிறவர்கள் இன்றைக்கும் குறையவில்லை.

2011 ஜூன் 13-ல் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் விட்டார்கள். அந்த நவம்பரிலேயே நிறுத்தியும் விட்டார்கள். நடுவில் ஆகஸ்டில் நாங்கள் ஏறினோம். ராத்திரி முழுக்கத் தண்ணீர். "ஏட்டி, எங்க தாத்தாவோட அத்தை இந்தக் கடல்லதான் போச்சு" என்றார் இவர். அந்த அத்தை போனது கங்காணியின் கடனில். 1914-ல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கும்வரை தூத்துக்குடிதான் கூலிகளின் வாசல். கொள்ளைநோய்க்குப் பயந்து தட்டப்பாறை முகாமில் அடைத்துவைத்து, எஸ்டேட் எண் பொறித்த தகரத் துண்டைக் கொடுத்து ஏற்றினார்கள். கங்காணி ஆள் பிடித்தது சொந்தம் சொந்தமாக, சாதி சாதியாக. தோட்டத்து லயன்களும் அப்படியே பிரிந்து நின்றன. கொழும்பு நகரத்தின் மலவாளி தூக்க யாரைக் கொண்டுபோனார்கள்? நம்மைத்தான். படித்த தோழரே, எந்த இடத்தில் கழன்று விழுந்தது? நடுக்கடலிலா?

காலையில் இறங்கி, புறக்கோட்டையில் ஒரு சின்ன விடுதிக்குப் போனோம். முதலாளி தமிழர், வேதக்காரர். பாஸ்போர்ட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "சாயர்புரமா! எங்க பெரியப்பா பொண்ணு குடுத்த ஊராச்சே. நீங்க எந்தக் குடும்பம்?" பதில் வருவதற்குள் அவரே முடித்தார்: "அப்ப நம்மாளுகதான்."

இவர் "ஆமா" என்றார்.

ஒரே ஒரு ஆமாவுக்கு வாடகை குறைந்தது. ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. முதலாளி வீட்டிலிருந்து பாணும் பருப்பும் சம்பலும், ஃபிளாஸ்கில் டீயும் வந்தன. நானும் சாப்பிட்டேன். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. ருசியாகத்தான் இருந்தது.

சாயர்புரம் என்றால் 1842-ல் ஜி.யு.போப் வந்து செமினரி நடத்திய ஊர் என்று எல்லோருக்கும் தெரிகிறது. அந்த ஊர்ப் பக்கத்தில் காலனியும் உண்டு என்பது எவருக்கும் ஞாபகம் வருவதில்லை.

புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாய் வரி போட்ட பள்ளிவாசலைப் பார்த்தோம், செட்டியார் தெருவில் நகைக்கடைகளைப் பார்த்தோம். நான் வாய் திறக்கவில்லை. புதுப் பொண்டாட்டி ஊரைப் பார்த்து மலைத்துப் போய்விட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். பஸ் பிடித்து நகர மண்டபத்துக்குப் போய், எதிரே பூங்காவில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

"எதுக்கு ஆமான்னு சொன்னீங்க?"

"ஏட்டி, கையில இருக்கது நாலு நாளைக்குத்தான் காணும். ராத்திரி தெருவுல நிக்கச் சொல்லுதியா?"

இவர் சொன்னதில் பொய்யில்லை. காசுள்ளவன் பெரிய ஹோட்டலில் அட்டையை நீட்டிவிட்டுப் படுத்துக்கொள்வான். கையில் காசு கம்மியான நம்மாட்கள் தெரிந்த ஊர்க்காரன், தெரிந்த பாஷைக்காரன் என்று தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கேதான் அந்தக் கேள்வி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஏ.கே.செட்டியார் 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நம்மில் ஒருவர் சுற்றினால் எந்தத் தமிழனாகச் சுற்றுவது?

நாங்கள் உட்கார்ந்திருந்த இடமும் லேசான இடமில்லை. 1950-ல் அம்பேத்கர் இதே நகர மண்டபத்தில் பேசினார். இங்குள்ள தாழ்த்தப்பட்டவர்கள் பௌத்தம் தழுவ வேண்டும் என்றார். இந்துக்கள் எங்கே குடிபோனாலும் சாதி உலகத்துப் பிரச்சினையாகிவிடும் என்பதை 1916-லேயே நியூயார்க்கில் எடுத்துச் சொன்னவர் அவர். அவருக்கும் முன்னால், 1898-ல், அயோத்திதாசர் கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றார். அவர்கள் இருவரும் தங்களை இன்னார் என்று சொல்லிக்கொண்டுதான் இந்த ஊருக்குள் நடந்தார்கள். இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தேனிலவில் முதல் சண்டை அம்பேத்கரால்!

சாயங்காலம் கொட்டாஞ்சேனைப் பக்கம் வழி தப்பி ஒரு முடுக்குக்குள் போனோம். நகரசபைத் துப்புரவு ஆட்களின் வீடுகள். வாசலில் இருந்த கிழவி எங்களைப் பார்த்து, "இந்தியாவா? என்ன ஆளுக?" என்றாள். அதே கேள்விதான். இவர் என்னைப் பார்த்தார். பிறகு நம் பெயரைச் சொன்னார். பல வருசமாகச் சத்தம் போட்டுச் சொல்லாத பெயர். கிழவி உள்ளே போய் இரண்டு கிளாஸில் பிளேன்டீ கொண்டுவந்தாள். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்களே, அதில் அவளுடைய அண்ணன் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். "எங்கண்ணன் தின்னவேலிப் பக்கம்தான் போச்சு. பாத்தீகளா?" என்றாள். அத்தனை சனத்தில் எங்கே பார்ப்பது? பார்த்தால் சொல்கிறோம் என்றோம். வேறென்ன சொல்ல?

ராத்திரி விடுதிக்குத் திரும்பியதும் இவரே முதலாளியிடம் போய் நின்றார். "காலையில சொன்னது தப்புங்க. நாங்க காலனி." அவர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அதுக்கென்ன, அதுக்கென்ன" என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் ஃபிளாஸ்க் வரவில்லை. சீட்டில் வாடகை பழையபடி ஏறியிருந்தது. எண்ணிக் கொடுத்தோம். மிச்ச நாளுக்குப் பாணும் வாழைப்பழமும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, பையைத் தூக்கி வேறு அறை தேடப் போனோம்.