பம்புக்குத் தனிப் பாட்டரி வேண்டும்

தண்ணீர்த் தொட்டியும் பம்பும் பொருத்திய ஒரு சிறு வேனைப் பல அங்கத்தினர் கூடிப் பயன்படுத்துவது, லவ்டேல், கேத்திப் பகுதிகளின் சரிவு நிலங்களுக்கு மிகவும் ஏற்ற முறையாகும். கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் மருந்து தெளிக்கும் வேலை அதனால் எளிதாகிறது. ஆயின், அப்பம்பை வண்டியின் பாட்டரியிலேயே இணைத்துவிடும் வழக்கத்தை நம் சங்கங்கள் கைவிடல் வேண்டும் என்பது என் துணிபு.

வண்டியின் பாட்டரி எஞ்சினைக் கிளப்புவதற்கென அமைந்தது. சில விநாடிகளுக்கு மட்டும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை அது அளித்தல் வேண்டும். அதற்காகவே அதனுள் மெல்லிய ஈயத் தகடுகள் பல அடுக்கப்பட்டுள்ளன. மணிக்கணக்காக மின்சாரத்தை வடித்துக்கொண்டே இருந்தால் அத்தகடுகள் விரைவில் நலியும். 60 வாட் பம்பு ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு 4 மணி நேரம் ஓட்டினால் 20 ஆம்பியர்-மணி செலவாகும். 35 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது பாதிக்கும் அதிகம். போதாக்குறைக்கு, டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனியில் பாட்டரியின் திறன் குன்றும். எஞ்சின் எண்ணெயும் தடித்துப்போகும்.

இதன் விளைவை அனுபவிப்பவர் யார்? மாலையில் பம்பை ஓட்டியவர் தம் வேலை முடிந்து வீடு செல்கிறார். விடியலில் மேட்டுப்பாளையம் லாரிக்குக் கேரட் மூட்டைகளைச் சேர்க்க வேண்டிய வேறோர் அங்கத்தினரே கிளம்பாத வண்டியின் முன் நிற்கிறார். ஒருவர் வசதிக்கு மற்றொருவர் விலை கொடுப்பது கூட்டுறவு ஆகாது.

பரிகாரம் கடினமானதன்று. ஆழ்ந்து வடித்தாலும் தாங்கும் வகையைச் சேர்ந்த 60 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றைப் பம்புக்கெனத் தனியே வைக்கலாம். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே ஒன்று இடையில் இருத்தல் வேண்டும். இரு பாட்டரிகளின் நேர்முனை அருகிலும் பியூஸ் கட்டாயம். பாட்டரி அசையாது கட்டப்பட்டு, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். குறுகிய பயணங்களில் அது முழுதும் நிரம்பாது. ஆதலின் இரவில் சங்கக் கட்டடத்திலேயே சார்ஜரில் இணைப்பது நலம்.

"இரண்டாவது பாட்டரி வீண் செலவன்றோ?" எனச் சிலர் வினவுவர். பம்பு ஓடும் நேரமெல்லாம் எஞ்சினையும் ஓடவிட்டால் டீசல் செலவாகும். அடிக்கடி புதுப் பாட்டரி வாங்குவதும் செலவே. விதைக்கிழங்கை எடுத்துச் சமைத்தவர்க்கு அடுத்த போகம் இல்லை. நூல் வாங்க வைத்த பணத்தைக் கூலிக்கு எடுத்தால் தறி நிற்கும் என்பதை நெசவாளர் அறிவர். சங்கத்தின் சேம நிதியை அன்றாடச் செலவினின்று பிரித்து வைப்பதும் இக்கருத்துப் பற்றியே.

வேன் வைத்திருக்கும் சங்கங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். பம்பு ஓடிய மணிகளைப் பதிவேட்டில் குறித்து, அதற்கேற்ப அங்கத்தினரிடம் வாடகை பெற்றால், பாட்டரியின் விலையும் முறையாகத் திரும்பும்; வழக்கும் எழாது.